களத்து நாய்க்குப் பூக்கேட்ட கதை

"நாய்க்கா?" என்று கேட்பவர்களின் முகத்தை நான் நன்றாகப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒரு புருவம் மேலே போகும். சிரிப்பா இல்லையா என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று வாயோரத்தில் வந்து நிற்கும். தாங்கள் பெரிய புத்திசாலித்தனமாக ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டதாக அவர்களுக்கு நினைப்பு. ஒரே வாரத்தில் உடுமலைப்பேட்டையிலிருந்து கோயமுத்தூர் வரைக்கும் போன இடமெல்லாம் அந்தக் கேள்வி என் காதில் விழுந்தது. மனிதர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை மிச்சம் இருந்ததென்றால் அதுவும் அந்த வாரத்தோடு தீர்ந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் நானும் என் வீட்டுக்காரரும் உடுமலைப்பேட்டைக்கு வெளியே ஒரு கொப்பரைக் களத்தில் குடியிருந்தோம். களத்தின் மூலையில் ஓடு போட்ட சின்ன வீடு ஒன்று, சாளை என்போம். அதில் பாதி சாக்குக்கும் தார்ப்பாய்க்கும், மீதிப் பாதி எங்களுக்கு. அவர் களத்து முதலாளியின் டெம்போவை ஓட்டினார். தோப்புகளிலிருந்து தேங்காய் கொண்டு வருவார், காங்கயத்து எண்ணெய் மில்லுக்குக் கொப்பரை கொண்டு போவார். நான் மற்றப் பெண்களோடு சேர்ந்து தேங்காய் உடைத்துக் காயப்போட்டு, காய்ந்ததும் சிரட்டையிலிருந்து பருப்பைத் தனியே எடுப்பேன்.

பள்ளிக்கூடம் எனக்கு ஏழாவதோடு நின்றுவிட்டது. அதற்கப்புறம் நான் படித்தது வானத்தை மட்டும்தான். உடைத்துப் பரப்பிய தேங்காயில் ஒரு தூறல் விழுந்தாலும் பூஞ்சை பிடித்துவிடும். மேகம் எங்கே ஏறுகிறது, காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு அது வேலை மட்டும் இல்லை, சுபாவம். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள் நான். டெம்போ வர அரை மணி தாமதமானால் லாரிக்கடியில் போய்விட்டதாகவே முடிவு பண்ணி, யாரிடம் முதலில் சொல்வது என்பது வரை யோசித்துவிடுவேன். களத்தில் எனக்கு 'வெசனம் புடிச்சவ' என்று பெயர். ஆனால் மழைக்கு முன்னால் தார்ப்பாயை இழுத்துப் போடச் சொன்னவள் எப்போதும் நான்தான் என்பதால் யாரும் அதை ரொம்பச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள்.

நாய் தேங்காய் லோடோடு வந்தது. ஏதோ ஒரு தோப்பில் டெம்போவுக்குள் ஏறிப் படுத்திருந்த பெட்டைக் குட்டி. செவலை நிறம், அதனால் செவலை. அது யாருடைய நாய் என்பது அந்தந்த நாளைப் பொறுத்தது. வெள்ளாடு உள்ளே புகுந்து கொப்பரையைத் தின்னாமல் விரட்டினால், ராத்திரி வேலியைத் தாண்டி வந்தவனை நிறுத்தி வைத்தால், முதலாளி வருகிறவர்களிடம் "நம்ம களத்து நாயி" என்பார். அதே நாய் ஒரு மூடித் தேங்காயைக் காலுக்கிடையில் வைத்துக் கொறித்தால், "அம்மணி, உன்ற நாயப் பாரு" என்பார். கொறிக்கும்போது என்னுடையது, குரைக்கும்போது அவருடையது. இந்தப் பங்கு பிரிவினையை ஏழெட்டு வருஷம் அவர் தவறாமல் காப்பாற்றினார்.

ஒரு ஐப்பசியில் செவலை தண்ணீர் குடிக்கத் தொடங்கினாள். எல்லா நாயும் குடிக்கிறதுதான். இது அப்படி இல்லை. களத்துச் சிமிட்டித் தொட்டியில் வாயை வைத்தால் எடுக்க மாட்டாள். காலையில் நிரப்பினால் மத்தியானத்துக்குள் தொட்டியின் அடி தெரியும். சோறு வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்வாள். நான் வீட்டுக்காரரிடம் சொன்னேன். நீ வெசனப்படாத நாளே இல்லை, அதோடு இதையும் சேர்த்துக்கொள் என்றார். பிறகு அவள் படுத்து எழுந்த சாக்கில் சீழ்க் கறை இருந்தது. அதைக் காட்டினேன். உடனே போய் டெம்போவின் பின்கதவைத் திறந்தார்.

அரசாங்கக் கால்நடை ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால் பசு மாடுகளாக நின்றன. என் பக்கத்தில் நின்ற மாட்டின் காதில் தகடு தொங்கியது. பேங்க் கடனில் வாங்கிய மாடு, இன்சூரன்ஸ் செய்த மாடு. அதற்கு ஒன்று ஆனால் கவலைப்பட ஒரு பேங்க் இருக்கிறது, ஒரு கம்பெனி இருக்கிறது. அட்டெண்டர் அந்த மாட்டின் நெற்றியைத் தடவிக் கொடுத்து உள்ளே ஓட்டினார். எங்கள் முறை வந்ததும் என் கையிலிருந்த சீட்டைப் பார்த்துவிட்டு, "நாய்க்கா?" என்றார். இதற்கும் ஏதாவது கடன், இன்சூரன்ஸ் உண்டா என்று நான் கேட்டேன். நான் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. அவர் அதை டாக்டரிடம் போய்ச் சொல்லி, உள்ளேயிருந்து இரண்டு பேர் சிரிக்கிற சத்தம் வந்தது.

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பேனா முனையால் வயிற்றைக் காட்டி, இந்தப் பக்கம் திருப்பு, அந்தப் பக்கம் திருப்பு என்றார். ஆனால் சொன்னது சரியாகத்தான் சொன்னார். கர்ப்பப்பையில் சீழ் கட்டிவிட்டது. ஆப்பரேஷன் செய்து அதை எடுத்தே ஆக வேண்டும், எடுக்காவிட்டால் இரண்டு மூன்று நாளைக்கு மேல் தாங்காது. இங்கே அதற்கு வசதி இல்லை, கோயமுத்தூரில் நாய்களுக்கென்றே ஒரு டாக்டர் இருக்கிறார், அங்கே கொண்டு போ என்றார். எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். அவர் சொன்ன தொகை என்னுடைய ஒன்றரை மாதக் கூலி. அடகு வைப்பதற்கென்று எங்களிடம் இருந்தது ஏற்கெனவே அடகில்தான் இருந்தது. என் முகத்தைப் பார்த்து அவருக்கு என்ன தோன்றியதோ, கோயமுத்தூரில் வாயில்லா ஜீவன்களுக்கு உதவி செய்கிற ஒரு சங்கம் உண்டு, போன் செய்து கேட்டுப் பார் என்று நம்பரை எழுதிக் கொடுத்தார்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றால் தலைக்கு மேல் சிவப்பு எண்கள் ஓடும். ஓடுகிற ஒவ்வொரு எண்ணும் நான் கொடுக்க வேண்டிய காசு. எதிர்முனையில் ஒரு அம்மா எடுத்தார். குரல் நல்ல பதமாக, பட்டுத் துணி மாதிரி இருந்தது. நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் எண்கள் பாதி தூரம் ஓடிவிட்டன.

"சொந்த நாயா, தெரு நாயா?" என்று கேட்டார்.

களத்து நாய் என்றேன். களம் என்றால் என்ன என்றார். அதையும் சொன்னேன், எண்களைப் பார்த்துக்கொண்டே.

"அப்ப ஓனர் இருக்கார் இல்லையா? ஓனர் இருந்தா அவர்தான் செலவு பண்ணணும். நாங்க தெரு நாய்ங்களுக்கு மட்டும்தான் செய்யறோம்."

"செரிங்க, அப்பத் தெரு நாயின்னே வெச்சுக்குங்க."

"அப்படியெல்லாம் வெச்சுக்க முடியாதும்மா. எந்த ஏரியா?"

உடுமலைப்பேட்டை என்றேன். அந்தப் பட்டுக் குரலில் ஒரு நிம்மதி வந்தது. தாங்கள் கோயமுத்தூர் கார்ப்பரேஷன் எல்லைக்குள் மட்டும்தான் செய்வதாகச் சொன்னார். பிறகு, செலவு செய்ய முடியாதவர்கள் பிராணிகளை வளர்க்கக்கூடாது, அதுவும் ஒரு கொடுமைதான் என்று எனக்கு எடுத்துச் சொன்னார். அந்த உபதேசத்துக்கும் சேர்த்து நான்தான் காசு கொடுத்தேன். பூத்துக்காரர் சில்லறையை எண்ணிக் கொடுத்தபடி, நாய்க்கா அக்கா இத்தனை நேரம் பேசினீங்க என்றார்.

வெளியே வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் நாயைக் கொண்டு போய்க் கோயமுத்தூர் உக்கடத்தில் இறக்கிவிட்டு, ஒரு தெருநாய் கிடக்கிறது என்று மறுபடி போன் செய்யலாமா என்றார். அவருக்குச் சிரிப்பு வந்தது, எனக்கு வரவில்லை. நான் உண்மையிலேயே அதை யோசித்தேன். அவர்கள் வருவதற்குள் லாரியில் அடிபட்டால் என்ன செய்வது, வந்து தூக்கிக்கொண்டு போனபின் திருப்பித் தரமாட்டேன் என்றால் என்ன செய்வது என்று இரண்டு மூன்று வழியில் யோசித்துப் பார்த்து விட்டுவிட்டேன். யாருக்கும் சொந்தமில்லாத நாயாக இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம், சோறு போட ஒருத்தி இருந்தால் சாக வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிற சங்கத்தை என்னவென்று சொல்வது.

மிச்சம் இருந்தது முதலாளி.

அவரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தேங்காய்க்கு வருவதற்கு முன் அவர் மாட்டுத் தரகர். தோளில் எந்நேரமும் ஒரு துண்டு கிடக்கும். பணம் நிறைய இருந்தது, தைரியம் துளியும் இல்லை. எதையும் தானாக முடிவு செய்ய மாட்டார். அம்மன் கோவிலில் பூக்கேட்டுத்தான் செய்வார். சிவப்பு அரளி ஒரு இலையிலும் வெள்ளை அரளி ஒரு இலையிலுமாகப் பொட்டலம் மடித்து, அம்மன் காலடியில் போட்டு, பூசாரியை ஒன்றை எடுக்கச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். வெள்ளை வந்தால் ஆகும், சிவப்பு வந்தால் ஆகாது. கல்யாணம், நிலம், கிணறு என்று பெரிய காரியங்களுக்கு மற்றவர்கள் கேட்பார்கள். இவர் டெம்போவுக்கு என்ன நிறம் அடிப்பது என்பதற்கே கேட்டவர். தப்பாகப் போனால் பழியை ஏற்க அம்மன் இருக்கிறாள் அல்லவா.

நான் போய்ச் சொன்னதும் முதலில் அந்தக் கேள்வியைத்தான் கேட்டார். ஏழெட்டு வருஷம் குரைத்ததைச் சொன்னேன். வேலி தாண்டியவனைச் சொன்னேன். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். இல்லை என்று சொல்லவும் அவருக்குத் தைரியம் இல்லை. காலையில் அம்மனைக் கேட்டுப்போட்டுச் சொல்கிறேன் என்றார்.

மறுநாள் விடிந்ததும் நாங்களும் கோவிலுக்குப் போனோம். பூசாரி பொட்டலங்களை மடித்துக் குலுக்கிப் போட்டார். முதலாளி கண்ணை மூடிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வேண்டினார்.

"தாயே, களத்து நாயி பொழைக்குமா, பொழைக்காதா? நீயே சொல்லிப்போடு."

செலவு செய்யட்டுமா என்று கேட்பார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு. அந்த நேரத்தில் எனக்கு அது உறைக்கவில்லை. பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டுக்காரர் டெம்போ சாவியைக் கையில் எடுத்துவிட்டார்.

முதலாளி திருநீறு பூசிக்கொண்டு வெளியே வந்து செருப்பை மாட்டினார்.

"பொழைக்கும்னு அம்மனே சொல்லிப்போட்டா. அப்பறம் ஆப்பரேசன் எதுக்கு?" என்றார்.

நான் பூசாரியைப் பார்த்தேன். அவர் தட்டில் விழுந்த நோட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டே, அம்மன் வாக்குக்கு மேல் டாக்டர் வாக்கா என்று தலையை ஆட்டினார். முதலாளி ஒரு நல்ல காரியம் முடித்த முகத்தோடு கோவில் கேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்த மொபெட்டை ஸ்டார்ட் செய்தார். அவர் எங்களை ஏமாற்றவில்லை என்பதுதான் இன்னும் கேவலம். ஏமாற்றுவதற்குக் கொஞ்சமாவது மூளையை உபயோகிக்க வேண்டும். அவர் உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார். செலவில்லாத எதையும் உண்மையிலேயே நம்புகிற ஆட்களில் அவர் ஒருவர்.

களத்துக்குத் திரும்பி வந்தால் செவலை தொட்டிக்குப் பக்கத்தில் படுத்திருந்தாள். இப்போது தண்ணீரும் குடிக்கவில்லை. வயிறு உப்பி இறுகி இருந்தது. பெயரைச் சொன்னால் வாலின் நுனி மட்டும் அசைந்தது. நான் வேலைக்கு உட்கார்ந்தேன், கை சிரட்டையில் இருந்தது, மனசு வழக்கமான வேலையைச் செய்யத் தொடங்கியது. ராத்திரிக்குள் செத்துவிடுவாள். செத்தால் காலையில் முதலாளி வந்து பார்ப்பார். தென்னைக்கு உரமாகட்டும் என்று தோப்பில் புதைக்கச் சொல்வார். குழி தோண்டுகிறவர்கள் ஊரில் போய்ச் சொல்வார்கள். அம்மன் பிழைக்கும் என்று சொன்ன நாய் செத்துவிட்டது என்பார்கள். இங்கே வந்ததும் என் கை நின்றுவிட்டது.

முதலாளியின் மகளுக்குக் கோபி ஊர்ப் பக்கம் ஒரு இடம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெரிய இடம். ஜாதகம் பொருந்திவிட்டது, வெள்ளிக்கிழமை பூக்கேட்டுவிட்டு உறுதி செய்வதாக ஏற்பாடு. அதே கோவில், அதே பூசாரி, கேட்கப் போவதும் அதே வாய்.

வாழ்க்கையில் முதல் தடவையாக என் வெசனம் எனக்கு ஒரு காரியத்துக்கு உதவியது.

முதலாளி எடைத் தராசுப் பக்கம் நின்றிருந்தார். கூட காங்கயத்து வியாபாரி ஒருவர் சாக்கிலிருந்து கொப்பரையை எடுத்து உடைத்து முகர்ந்துகொண்டிருந்தார். நான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய் நின்றேன். வேலையை விட்டு நிறுத்திவிட்டால் சாளையும் போய்விடும் என்பது வரைக்கும் யோசித்துவிட்டுத்தான் போனேன்.

"ஏனுங் மொதலாளி, நாயி இன்னிக்கு ராவு தாண்டாதுங்க."

"அம்மன்தான் சொல்லிப்போட்டாளே அம்மணி. சும்மா வெசனப்படாத, போ."

"அதுதானுங்க என்ற வெசனமே. பொழைக்கும்னு அம்மன் சொல்லி, அது செத்துப்போச்சுன்னா, அம்மன் வாக்குப் பொய்யின்னு ஆருஞ் சொல்ல மாட்டாங்க. கேட்டவீங்க மேலதான் ஏதோ கொறைம்பாங்க. வெள்ளிக்கெழம நம்ம பாப்பாவுக்குக் கேக்கறதா இருக்குதுங்களே. கோபிக்காரங்க காதுக்கு இது போச்சுன்னா, இவிங்களுக்கு வர்ற வெள்ளப்பூ எல்லாம் அந்த நாய்க்கு வந்த வெள்ளப்பூதான்னு சொல்லிப்போடுவாங்களேன்னு எனக்கு ஒரே பயமா இருக்குதுங்."

அவர் முகம் வெளுப்பதை நான் பார்த்தேன். வியாபாரி கையிலிருந்த கொப்பரையை வாயில் போட்டு மென்றுகொண்டே, "அம்மணி சொல்றது ரோசனை பண்ண வேண்டிய சமாச்சாரந்தானுங்க" என்றார். அவருக்கு எல்லாம் வேடிக்கை. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்காக இன்றைக்கும் அவரை நான் திட்டுவதில்லை.

"பூ பொய்யாவாதே" என்றார் முதலாளி, பாதி கேள்வியாக.

"ஆவாதுங்க. ஆவாமப் பாத்துக்கறது நம்ம கையிலதானுங்க இருக்குது."

அவர் டெம்போவை எடுக்கச் சொன்னார். எங்கள் கையில் பணத்தைக் கொடுத்து அனுப்ப மனசு வரவில்லை, தானும் வந்தார். அவர் முன்னால் சீட்டில், நானும் செவலையும் பின்னால் காலிச் சாக்கின் மேல். பொள்ளாச்சி தாண்டும் வரை அவள் மூச்சை என் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் முன்னால் இருந்து, உசுரு இருக்குதா, இருக்குதா என்று முதலாளியின் குரல் வரும். நாயைக் கேட்கவில்லை, தன் மகள் கல்யாணத்தைக் கேட்டார்.

கோயமுத்தூர் டாக்டர் வீட்டு முன்னறையில் பொமரேனியன்களாக உட்கார்ந்திருந்தன. வெள்ளை வெள்ளையாக, மடியில் டவல் விரித்து, ஒன்றுக்குக் கழுத்தில் ரிப்பன். ஒன்றுக்குப் பல்லில் கறை, இன்னொன்றுக்கு முடி உதிர்கிறதாம். எங்கள் செவலையைச் சாக்கோடு தூக்கிக்கொண்டு நுழைந்ததும் ஒரு அம்மா தன் நாயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கேட்கட்டும் என்று நானும் காத்திருந்தேன். கேட்டார்.

"நாட்டு நாய்க்கா?"

கோயமுத்தூர் உடுமலைப்பேட்டையைவிட ஒரு வார்த்தை கூடுதலாகப் படித்திருந்தது, அவ்வளவுதான்.

டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு உடனே செய்ய வேண்டும் என்றார், தொகையைச் சொன்னார். அப்போதுதான் முதலாளி அதைச் செய்தார். டாக்டருக்குப் பக்கத்தில் நெருங்கிப் போய், தோளில் கிடந்த துண்டை எடுத்து வலது கையின் மேல் போர்த்தி, கையை நீட்டினார். மாட்டுச் சந்தையில் விலை பேசுவது அப்படித்தான். சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாமல் துண்டுக்குள் விரலைப் பிடித்து, இத்தனை என்று அழுத்திச் சொல்வார்கள். இருபது வருஷம் மாட்டுக்குப் பேசிய கை, தானாகப் போய்விட்டது.

டாக்டர் அந்தத் துண்டைப் பார்த்தார். "கையில என்னங்க அடி?" என்று கேட்டபடி அதைத் தூக்கிப் பார்க்கப் போனார். முதலாளி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு துண்டுக்குள் அவர் இரண்டு விரலைப் பிடித்து அழுத்தினார். டாக்டர் கையை இழுத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனார். ரிப்பன் கட்டிய பொமரேனியன் குரைத்தது. தான் நாயை மட்டும்தான் பார்ப்பதாகவும், கைக்கு எதிர் ரோட்டில் எலும்பு டாக்டர் இருப்பதாகவும் மரியாதையாகச் சொன்னார். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார். முதலாளி துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, கேட்ட பணத்தை அப்படியே எண்ணி வைத்தார். விலை பேசாமல் அவர் பணம் கொடுத்து நான் பார்த்தது அது ஒன்றுதான்.

செவலையை உள்ளே எடுத்துக்கொண்டு போய் வெகுநேரம் ஆயிற்று. செத்தால் சாக்கில் சுற்றிக் கொண்டு போவதா, இங்கேயே எங்காவது புதைக்க விடுவார்களா என்று நான் யோசித்து முடித்திருந்தேன். கதவு திறந்தது. டாக்டர் வெட்டி எடுத்த கர்ப்பப்பையை ஒரு தட்டில் கொண்டு வந்து காட்டினார். சீழ் நிறைந்து, பெரிய மண்புழு சுருண்ட மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் உள்ளேயே வெடித்திருக்கும் என்றார். முதலாளி ஒரே ஒரு தடவை அதைப் பார்த்தார். பிறகு பொமரேனியன் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மா அவருக்குத் தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்.

செவலை பிழைத்தாள். இரண்டு மூன்று நாள் மருந்து மயக்கம் போலவே கிடந்தாள், பிறகு தையலை நக்கத் தொடங்கினாள். நக்காமல் இருக்க என் பழைய ரவிக்கையை வயிற்றில் கட்டிவிட்டேன். தயிர்சாதம் பிசைந்து விரலால் ஊட்டினேன். கொடுத்த பணத்தை முதலாளி எங்கள் சம்பளத்தில் பிடிப்பார் என்று பயந்து, கூலி தருகிற இரண்டு சனிக்கிழமையும் கைக்கு வந்ததை எண்ணிப் பார்த்தேன். பிடிக்கவில்லை. தாராளம் என்று நினைத்துவிட வேண்டாம். அது கோவில் காரியம் என்று கணக்குப் பார்ப்பவரிடம் சொல்லிவிட்டார்.

ஊரில் கதை வேறு மாதிரிப் போயிற்று. அம்மன் பிழைக்கும் என்றாள், பிழைத்துவிட்டது. நடுவில் டெம்போ இல்லை, கோயமுத்தூர் இல்லை, தட்டில் காட்டியது இல்லை. சந்தைக்குப் போன இடத்தில் என்னிடமே ஒரு பெண் இந்தக் கதையைச் சொல்லி, கையெடுத்துக் கும்பிட்டாள். கிராக்கி ஏறிப்போன பூசாரி பூக்கேட்கும் கட்டணத்தை உயர்த்தினார். அந்த வெள்ளிக்கிழமை முதலாளியின் மகளுக்கும் வெள்ளைப் பூவே வந்தது. பொட்டலத்துக்குள் என்ன மடித்தார்கள் என்று நான் பார்க்கவில்லை, பார்க்கவும் ஆசைப்படவில்லை.

அம்மனுக்கு நன்றியாக முதலாளி பொங்கல் வைத்துக் கெடா வெட்டினார். ஒன்றல்ல. பந்தல், ரேடியோ செட், வாழை இலை, கோபியிலிருந்து ஒரு வேன் நிறைய உறவுக்காரர்கள், எங்கள் பேச்சில் ஒறம்பரை. செவலையின் வயிற்றுக்குச் செலவழித்ததைப்போலப் பல மடங்கு அன்றைக்கு வந்தவர்கள் வயிற்றுக்குள் போயிற்று. அந்தச் செலவுக்கு யாரும் புருவத்தைத் தூக்கவில்லை. களத்துப் பெண்கள் நாங்கள் எல்லாம் சோறு வடிக்கப் போனோம்.

முதல் பந்தியில் முதலாளி கோபிக்காரர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். வாயில்லாத ஜீவன் என்றார். ஒரு நாய்க்கே இப்படி வாக்குக் கொடுக்கிற தாய், நம் பிள்ளைகளுக்குக் கொடுக்க மாட்டாளா என்றார். மாப்பிள்ளையின் அப்பா எலும்பை உறிஞ்சிக்கொண்டே தலையாட்டினார். நான் சோற்றுக் கூடையோடு வரிசையில் வந்துகொண்டிருந்தேன். பின்னாலேயே, தையல் பிரித்த வயிற்றில் முடி முளைக்காத பட்டையோடு, என் வாசனையைப் பிடித்துக்கொண்டு செவலை பந்தலுக்குள் வந்துவிட்டாள். கட்டிப்போட்டுத்தான் வந்திருந்தேன். கயிற்றைக் கடித்திருக்கிறாள்.

இலை முன்னால் இருந்தவர்கள் காலை மடக்கினார்கள். முதலாளி பாதிக் கதையில் நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"ஆரு நாயி அது? பந்திக்குள்ள விட்டுப்போட்டு. அடிச்சுத் தொரத்துங்க."

பூசாரி விறகுக் கட்டை ஒன்றை எடுத்தார். கதையில் வருகிற நாய் இதுதான் என்று அந்தப் பந்தலில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சொல்லிக்கொண்டிருந்தவருக்கே தோன்றவில்லை.

கூடையை இறக்கி வைத்தேன்.

"என்ற நாயிங்க" என்றேன்.

முதலாளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எங்கே விட்டாரோ அங்கிருந்து கதையைத் தொடர்ந்தார். நான் அறுந்த கயிற்றைப் பிடித்து அவளைக் களத்துக்குக் கூட்டி வந்தேன். அன்றைக்குச் சோறு பரிமாற நான் திரும்பிப் போகவில்லை.

களத்தில் யாரும் இல்லை. செவலை நேராகச் சிமிட்டித் தொட்டிக்குப் போனாள். நான் நின்று பார்த்தேன். நாலு நக்கு நக்கிவிட்டு முகத்தை எடுத்தாள். வாயோரம் சொட்டிய தண்ணீரோடு போய், காய்ந்துகொண்டிருந்த தேங்காயில் ஒரு மூடியைக் கவ்விக்கொண்டு நிழலில் படுத்தாள். தொட்டியில் தண்ணீர் காலையில் நான் நிரப்பிய மட்டத்திலேயே நின்றது. மேற்கே மேகம் ஏறுகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.